தட்டினானா, ஆட்டினானா?

நாலணா அகல வாட்ச்சில் நாள் முழுவதையும் பார்த்துவிடுகிற என் அண்ணாத்தேவுக்கு,

நாளைக்குக் காலையில் பொன்னேரி கோர்ட்டில் நான் கூண்டேறுகிறேன். உன்னை நங்கூரத்தால் அடித்துக் கொன்ற தேசப்பனின் கேஸ் ஒருவழியாக விசாரணைக்கு வந்துவிட்டது. முதல் சாட்சி நான்தான். உன் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதானே.

ஊர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தையைத்தான் எதிர்பார்க்கிறது. அன்றைக்கு ஏரியில் தேசப்பன் அவன் படகில் நின்றுகொண்டு, உன்னைப் பார்த்து மணிக்கட்டில் ஏதோ செய்தானே, அது என்ன என்று வக்கீல் கேட்பார். ‘ஆட்டினான்’ என்று நான் சொல்ல வேண்டுமாம். வளையல் போட்ட பெண்பிள்ளை கையை ஆட்டுவதுபோல் ஆட்டிக் காட்டி, நீ ஆம்பளையா என்று கேட்டான், அதனால்தான் சண்டை வந்தது என்று சொல்ல வேண்டுமாம்.

அவன் ஆட்டவில்லை, அண்ணாத்தே. இரண்டு விரலால் தட்டினான். மணி என்ன என்று கேட்டான். இதை இன்றுவரை நான் யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. போலீஸ்காரர்கள் நங்கூரத்தைப் பற்றித்தான் கேட்டார்கள், மணிக்கட்டைப் பற்றிக் கேட்கவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். நீ உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் சோற்றுத் தட்டு சுவரில் பறந்திருக்கும்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள். பொறுமை உனக்குப் பழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும், செத்த பிறகாவது பழகிக்கொள்.

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஜோடி வாட்ச் வாங்கிவந்தார்கள். சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் ஒரே முகச்சாயலில் இரண்டு. அவருக்குப் பெரிய பிஸ்கட் அகலத்தில் ஒன்று, எனக்கு நாலணா அகலத்தில் ஒன்று. பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவரை பார்க்க அழகாகத்தான் இருந்தன. என்னுடையதோ மீன் அரிந்து அரிந்து தடித்த கை. அந்தப் பூஞ்சைச் செயினை மாட்டும்போதெல்லாம் கொக்கி சதையைக் கவ்வும். பெண்பிள்ளை என்றால் இத்தனைதான் என்று கடைக்காரன் அளந்து வைத்திருந்தான், என் கையை அவன் எங்கே பார்த்தான்?

அவர் வாட்ச்சை வலது கையில் கட்டுவார். அது அவருக்கு ஒரு ஸ்டைல். அதே கையால்தான் ஒருநாள் குடித்துவிட்டு வந்து என் முகத்தில் குத்தினார். வாட்ச்சின் விளிம்பு பட்டுப் புருவம் கிழிந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்க, படகேறி உன் வீட்டுக்கு வந்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கையைக் கழுவாமலே எழுந்து போனாய்.

நான் பின்னாலேயே ஓடிவந்து உன் படகில் தொற்றிக்கொண்டேன். அவர் குப்பத்தில் வலை காயப்போட்டிருந்த இடத்தில் அவரைப் பிடித்துக் குப்புறத் தள்ளி, அந்த வலது கையை உன் முழங்காலுக்கு மேல் வைத்து அழுத்தினாய். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் போட்ட கூச்சலில் கரையிலிருந்த காக்காய்கள் எழும்பின. நீ நிதானமாக அந்தக் கையிலிருந்து வாட்ச்சைக் கழற்றினாய், ஒடிந்த கை என்று பார்க்காமல் இழுத்துக் கழற்றினாய். கொண்டுவந்து என் கையில் மாட்டினாய்.

“இந்தா சுகுணா. உன் மூஞ்சியக் கிழிச்ச வாட்ச்சு இது. இனிமே உன் கையில கெடந்து உனக்கு மணி சொல்லிக்கினு இருக்கட்டும்.”

அது என் மணிக்கட்டில் உட்கார்ந்த உட்காரல் இருக்கிறதே, எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது. உடனே என் சின்ன வாட்ச்சைப் பிய்த்து ஏரியில் வீசினேன். “ஏம்மே, அது இன்னா பண்ணிச்சு உன்ன?” என்று கத்திக்கொண்டு நீ தண்ணீரில் குதித்தாய். இறால் தடவுகிறவர்களைப்போல இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவித் தேடினாய். பொழுது சாய்கிற நேரத்தில் அதைக் கண்டுபிடித்துக் கழுவி, காதில் வைத்துக் கேட்டு, சிரித்தாய். உன் கைக்குச் செயின் எட்டவில்லை. உன் மணிக்கட்டு என் முழங்கால் பருமன். வாட்ச் ரிப்பேர் பாய் கடையில் செயினுக்குக் கண்ணி சேர்த்துக் கட்டிக்கொண்டாய், பிறகு நாள்கணக்கில் கழற்றவே இல்லை.

“இவ்ளோ பெரிய கையில இத்தினிக்காண்டு வாட்ச்சு எதுக்குண்ணா?” என்று கேட்டேன்.

“சின்னதா இருந்தாத்தான் உத்துப் பாக்கத் தோணுது. பெருசா இருந்தா அதுவா வந்து கண்ணுல குத்துது,” என்றாய்.

நான் அந்த வீட்டை விட்டு நம் குப்பத்துக்கே வந்துவிட்டேன். அன்றைக்குப் பிடித்த பித்துதான் நம் இருவருக்கும். நீ சின்னதாகவே வாங்கிச் சேர்த்தாய். முட்டை வடிவம், பொன்னிறச் செயின், பவழக் கலர் முகம், எல்லாம் பெண்கள் வாட்ச். நான் கனமாக, பெரிதாக, தேதி காட்டுவதாக வாங்கினேன். முள்ளில் ரேடியம் பூசியது என்றால் கூடுதல் இஷ்டம், விடிவதற்கு முன் மீன் ஏலத்துக்குப் போகிறவளுக்கு அது உதவும். மார்க்கெட்டில் என்னைக் கேலி செய்தவர்களுக்கு நான் வாயால் பதில் சொன்னேன். நீ கையால் சொன்னாய். “இன்னா எல்லப்பா, அண்ணியோட வாட்ச்சா?” என்று டீக்கடையில் கேட்டவன் தலையை, கிளாஸ் கழுவுகிற அண்டாவில் அமுக்கிப் பிடித்தாயே, அவனுக்கு இன்னும் அந்தக் கடைப்பக்கம் போனால் மூச்சு வாங்குகிறதாம்.

பாய் கடையை மறக்க முடியுமா? பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறைக்குப் போகிற வழியில், கால் நீட்ட இடமில்லாத கடை. “அண்ணன் பெட்டிய தங்கச்சியும் தங்கச்சி பெட்டிய அண்ணனும் மாத்தி எடுத்துக்கினு போறீங்க. எனக்கு இன்னா, எதுனா வாங்குனா சரி,” என்பார். வாங்கிக்கொண்டு வரும்போது, கல்லறை வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூட்டுக்கு நீ ஒரு சலாம் வைப்பாய். “இதோட மணிக்கட்ட பாரு சுகுணா. இதுக்கு என் வாட்ச்சே லொடலொடன்னு ஆடும்.”

அந்தக் கடைக்கு வருகிற மூன்றாவது பைத்தியம்தான் தேசப்பன். அக்கரைக் குப்பத்துக்காரன். நம்மைப்போல் காசு அகலத்தில் அளக்கிறவன் இல்லை அவன். போனில் வாட்ச்காரர்கள் குழுவில் சேர்ந்து மில்லிமீட்டர் பேசக் கற்றுக்கொண்டவன். சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்கேல் வைத்திருப்பான். பார்க்கிறவன் மணிக்கட்டையெல்லாம் நூலால் அளந்து, இந்தக் கைக்கு இத்தனை, அதற்கு மேல் போனால் சுவர்க் கடிகாரம், கீழே போனால் அசிங்கம் என்று தீர்ப்புச் சொல்வான். கறுப்பு முகம், தோல் பட்டை, தேதி இருக்கக் கூடாது. “தேதி வெச்சா வாட்ச்சு மூஞ்சில பொத்தல் வுழுந்த மாதிரி ஆயிடும்,” என்பான்.

இன்னொன்று, அவன் வாட்ச் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்க மாட்டான். உப்புக்காற்று பட்டால் கெட்டுவிடும் என்று எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் பூட்டி வைத்திருப்பான், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் எடுப்பான். நீ அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாய். கட்டாத வாட்ச்சும் கருவாடும் ஒன்று என்பாய். படகில் போகிறபோது எதிரே வருகிறவனிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டே போவான் அவன். ஏரிக்கே தெரிந்த சங்கதி இது.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தவரை வேடிக்கைதான். பாய் கடைக்கு ஒரு பழைய சதுர வாட்ச் வந்தது. சாவி கொடுக்கிற ரகம், பெண்கள் கட்டுவது, விரல் நகம் அளவுதான் முகம். உனக்குச் சொல்லி வைத்திருந்தார் பாய். நீ போவதற்குள் தேசப்பன் எடுத்துவிட்டான். கட்டிக்கொள்ளக்கூட இல்லை, டப்பாவில் வைக்க. நீ அவனிடம் முதலில் கெஞ்சித்தான் கேட்டாய். அண்ணாத்தே, நீ ஒருவனிடம் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

“பொம்பள வாட்ச்சுக்கு இன்னா இவ்ளோ அழுவுற எல்லப்பா? வளையலும் சேத்து வாங்கித் தரட்டா?” என்று கேட்டான். அப்போது ஆட்டினான். மறுக்கவில்லை. வெறும் கையைத் தூக்கி, வளையல் குலுங்குவதுபோல் ஆட்டினான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ அவன் பின்கழுத்தைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் முகத்தை மோதினாய். கண்ணாடி உடைந்து உள்ளே இருந்த வாட்ச்சுகள்மேல் ரத்தம் சொட்டியது. பாய் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி மோதப் போன உன்னை நான்தான் முதுகில் தொங்கி இழுத்தேன்.

அன்றிலிருந்து, மணிக்கட்டின் பக்கம் எவன் கை போனாலும் உனக்கு அது வளையல்தான்.

இனி ஏரிக்கு வருகிறேன். முகத்துவாரத்துப் பக்கம் சுற்றுவலை கட்டுகிற இடம் இரண்டு குப்பத்துக்கும் பொது. முறை வைத்துக் கட்டுவோம், அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அன்றைக்கு நம் பாடு சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்து, அவர்கள் பாடு தொடங்க வேண்டும். நான் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடைகளோடு உன் படகில் வந்துகொண்டிருந்தேன். நீ பின்னால் என்ஜினைப் பிடித்திருந்தாய். வானம் மூடிக் கிடந்தது. உச்சிப்பொழுதா சாயங்காலமா என்று சொல்ல முடியாத மூட்டம்.

தேசப்பன் படகில் வலையை ஏற்றிக்கொண்டு வலை கட்டக் குச்சி நட்ட இடத்துக்கு வெளியே நின்றிருந்தான். தனியாகத்தான் இருந்தான். நான் முன்பக்கம் உட்கார்ந்திருந்ததால் அவன் முகம் எனக்கு நேராக இருந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு நம்மைப் பார்த்தான். என்ஜின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது என்று, தாடையை உயர்த்தி, இடது மணிக்கட்டில் இரண்டு விரலால் தட்டினான். நீ பதில் சொல்லவில்லை என்றதும் மறுபடி தட்டினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நேரமாகிறதே என்கிற கவலைதான் இருந்தது.

நான் திரும்பி உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

“எனக்கா வளையல் காட்டுற?”

என்ஜினை முடுக்கி அவன் படகின் விலாவில் நேராக மோதினாய். நான் கூடைகளோடு உருண்டேன். எழுந்து பார்த்தபோது நீ தள்ளுகோலைச் சுழற்றிக்கொண்டிருந்தாய். முதல் அடி அவன் தோளில். இரண்டாவது காதில். காது பாதி தொங்கிற்று. அவன் கையை உயர்த்தி என்னவோ கத்தினான், மூன்றாவது அடி அந்தக் கையில். கோல் முறிந்ததும் அவன் படகுக்குத் தாவி, அவன் குரல்வளையைப் பிடித்து வலைக்குவியலில் அழுத்தினாய். அவன் கால்கள் பலகையை உதைத்த சத்தம் குறைந்துகொண்டே வந்தது. “வுட்டுடு, செத்துடப் போறான்!” என்று நான் அலறினேன். நீ விடவில்லை.

அவன் கை எப்படியோ நங்கூரத்தைத் தொட்டது. அதைத் தூக்கி உன் தலையில் போட்டான். நீ தண்ணீருக்குள் விழுந்தாய். இடுப்பளவுத் தண்ணீர். நீ எழுந்தாய், கண் தெரியாமல் படகின் ஓரத்தைப் பிடித்தாய். அவன் மறுபடி அடித்தான். உன் கை நழுவிற்று. அதற்குப் பிறகும் அடித்தான், அண்ணாத்தே. விழுந்த மனுஷனை, கை தூக்காதவனை, குனிந்து அடித்தான்.

நான் குதித்துப்போய் அவன் காலைப் பிடித்துத் தண்ணீரில் இழுத்தேன். வாட்ச் கட்டிய கையால் அவன் முகத்தில் குத்தினேன். கண்ணாடி உடைந்து சில்லு அவன் கன்னத்தில் ஏறியது. இன்னும் குத்தியிருப்பேன், அவனைக் கொன்றிருப்பேன், நீ மூழ்குவதைப் பார்த்ததால் விட்டேன். உன் தலையை என் மார்போடு ஏந்திப் பிடித்தேன். சுற்றிலும் தண்ணீர் கலங்கிச் சிவந்திருந்தது. நீ கண்ணைத் திறந்து கேட்டாய்.

“ஆட்டுனான் இல்ல? நீயே பாத்த இல்ல சுகுணா?”

இல்லை என்று சொல்லி உன்னை அனுப்ப மனசு வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. “பேசாத, பேசாத” என்று மட்டும் சொன்னேன். கரை சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

பிறகு நடந்தவை உனக்குத் தெரியாது. உன் காரியம் முடிவதற்குள் நம் ஆட்கள் அக்கரைக்குப் போய்க் காயப்போட்டிருந்த வலைகளை எரித்தார்கள். அவர்கள் வந்து நம் படகுகளின் அடியைக் கோடாலியால் பிளந்தார்கள். உன் மகன் அருளுக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். அக்கரையில் ஒருவனுக்கு விரல்கள் போயின. முகத்துவாரத்தில் போலீஸ் உட்கார்ந்துகொண்டது, இரண்டு குப்பமும் அங்கே வலை கட்ட முடியவில்லை. நம் ஆட்கள் தோணிரேவுப் பக்கம் போய்க் கூலிக்குப் படகேறினார்கள். மணிக்கட்டைத் தட்டி மணிதான் கேட்டேன் என்று தேசப்பன் அவன் ஆட்களிடம் சொன்னது நம் ஊர்க் காதுக்கும் வந்தது, கையை ஆட்டியிருப்பான் என்று நம் ஆட்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அவன் ஜாமீனில் வந்தான், ஆனால் ஊருக்குள் வரவில்லை, எங்கேயோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறான். உன் வாட்ச் கோர்ட்டில் நம்பர் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. ஓடுகிறதா என்று கேட்டேன், அதெல்லாம் சொல்ல முடியாது என்றார்கள்.

மற்றபடி ஊர் அப்படியே இருக்கிறது. இறால் குறைந்துவிட்டது, ஐஸ் விலை ஏறிவிட்டது. பாய்க்குக் கண்ணில் புரை வந்து ஆபரேஷன் ஆயிற்று. என் வாட்ச்சுக்கு அவர்தான் வேறு கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அருள் கையில் இப்போது ஒரு கறுப்புச் சதுரம் இருக்கிறது. மணி மட்டுமில்லை, எத்தனை அடி நடந்தான், நெஞ்சு எப்படி அடிக்கிறது என்றெல்லாம் சொல்கிறதாம். அப்பன் சேர்த்த வாட்ச்சுகளை அவன் தொடுவதில்லை. அண்ணிதான் துடைத்து வைக்கிறாள். நீ பார்த்தால் சிரிப்பாய், உன் பெட்டியில் ஒன்றுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை, எல்லாம் ரொம்பச் சின்னது என்கிறாள்.

போன மாதம் ஏலத்தில் தேசப்பன் பெண்டாட்டியை நேருக்கு நேர் பார்த்தேன். கூடையைப் போட்டுவிட்டு அவள் கொண்டையைப் பிடித்தேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, என் கழுத்தில் நகத்தைப் பதித்தாள். இருவரும் மீன் செதில் மேல் விழுந்து புரண்டோம். என் கையில் அரிவாள்மணை சிக்கியதும் சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அவள் மட்டும் நகரவில்லை.

“வெட்டு. வெட்டிட்டு சொல்லு. எங்காளு ஏரிக்கு வாட்ச்சு கட்டிக்கினு போவுமா? உனக்குத் தெரியாதா அது? கண்டவன மணி கேக்கறதுதான அதுக்குப் பொழப்பு? நீதான் கிட்ட இருந்த. இன்னா பாத்தேன்னு உன் வாயால சொல்லு!”

நான் அரிவாள்மணையைக் கீழே வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். தலைமுடியை முடிந்துகொண்டு, சிதறிய என் மீன்களில் அவள் கூடையில் விழுந்தவற்றை எடுத்து என் பக்கம் எறிந்துவிட்டுப் போனாள்.

நேற்று ஊர்த் தலைவர் வீட்டில் எனக்கு ஒத்திகை நடந்தது. “நீ வாயில சொன்னா பத்தாது சுகுணா. ஜட்ஜி அய்யா பாக்கற மாதிரி கைய இப்டி ஆட்டிக் காட்டணும்” என்று எழுபது வயது மனுஷன் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வளையல் ஆட்டிக் காட்டினார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

“அவன் தட்டுனான்னா?” என்று கேட்டேன்.

தலைவர் ஆட்டிக்கொண்டிருந்த கையைக் கீழே போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அப்டி ஒரு வார்த்த உன் வாயில வந்தா, உன் மீன ஏலத்துல எவனும் எடுக்க மாட்டான். உன் வீட்டுச் சாவுக்கு எவனும் வர மாட்டான். யோசிச்சுக்கோ.”

அருள் என் பின்னாலேயே வீடுவரை வந்தான். உன் கழுத்து நரம்பு அப்படியே அவனுக்கும் இருக்கிறது. “அத்தே, எங்க நைனா ஒண்ணுமில்லாததுக்குச் செத்தாருன்னு சொல்லப் போறியா? மணி கேட்டதுக்குப் போயி அடிச்சிக்கினு செத்தாருன்னு நாளைக்கு ஏரி முழுக்கச் சிரிக்கும். அதுக்கு நீ என்னையே வெட்டிப் போட்டுடு” என்றான். தேசப்பனின் தம்பி எந்தப் படகில் போகிறான், எந்தக் கரையில் இறங்குகிறான் என்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்றும் சொன்னான். இடுப்பில் கத்தி இருந்தது. நான் அறைந்தேன். இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, “நீ சொன்னா எனக்கு அத்தையே கெடயாது” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் கேட்டது நியாயமான கேள்விதானே? இரவெல்லாம் அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். நீ எதற்காகச் செத்தாய்? ஊர் சொல்கிறபடி சொன்னால், பெண்பிள்ளை வாட்ச் கட்டியவனை ஒருவன் வளையல் காட்டிக் கேவலப்படுத்தினான், மானத்துக்காக அடித்தான், செத்தான் என்று ஆகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியென்றால் உன் கையில் இருந்தது கேவலம் என்று நானும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? சேற்றில் தடவி எடுத்து நீ ஆசையாகக் கட்டிக்கொண்டதை, நானே கூண்டில் ஏறி அவமானம் என்று சொல்வதா? அது என்னால் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ‘ஆட்டினான்’ என்கிற அந்த ஒரு வார்த்தையை நான் சொன்னால், அப்பன் மானத்துக்குப் பழி என்று அருள் அந்தக் கத்தியை எடுப்பான். எடுத்த பிறகு அவனுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு நம்பர். உனக்காக அழுததுபோல் அவனுக்காக அழ என்னிடம் தெம்பு இல்லை. சொல்லாவிட்டாலும் அவன் எடுக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? தெரியவில்லை. ஆனால் நான் எடுத்துக் கொடுத்ததாக இருக்காது.

தேசப்பனை நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. அவனை நினைத்தால் இன்றைக்கும் பல்லை நறநறவென்று கடிக்கிறேன். நாளைக்கு எல்லாவற்றையும் சொல்வேன். நீ முதலில் மோதியதைச் சொல்வேன், கோல் முறிகிறவரை அடித்ததைச் சொல்வேன், குரல்வளையைப் பிடித்ததைச் சொல்வேன். தலைவர் எழுந்து போனால் போகட்டும். நீ விழுந்த பிறகு அவன் குனிந்து அடித்ததையும் சொல்வேன். அப்போது அவன் வக்கீல் எழுந்து கத்துவார், கத்தட்டும். எந்தப் பக்கமும் என்னோடு வீட்டுக்கு வராது. பஸ்ஸில் தனியாகத்தான் திரும்புவேன்.

அண்ணாத்தே, அன்றைக்கு உன் தலையை ஏந்திக்கொண்டு நான் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது சொல்கிறேன், கேள். அவன் ஆட்டவில்லை. உன்னை அவன் ஆயிரம் கேலி செய்திருக்கிறான். ஆனாலும் வானம் மூடிப் பொழுது தெரியாமல் போனபோது, பூட்டி வைத்த அத்தனை வாட்ச்சும் அவனுக்கு உதவவில்லை. ஏரியில் உன்னைப் பார்த்தான். உன் கையில் இருந்ததை நம்பி, உன்னிடம் மணி கேட்டான். அவ்வளவுதான் நடந்தது. நீ சொல்லியிருந்தால் போயிருப்பான்.

நாளைக்குக் கூண்டில் ஏறி என் இடது கையைத் தூக்குவேன். எல்லாரும் பார்க்க, தேசப்பன் கண்ணைவிட்டு என் கண்ணை எடுக்காமல், இரண்டு விரலால் மணிக்கட்டில் தட்டிக் காட்டுவேன். புரியவில்லை என்றால் மறுபடியும் தட்டுவேன். இது உன்மேல் ஆணை.

நீ அடித்ததையும் நீ அடிபட்டதையும் பார்த்த,
உன் கூடப்பிறந்தவள்,
சுகுணா